வேலை தேடும் நாட்களை எப்படி நடத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பில் வேலை போனது. அடுத்த வேலை கிடைக்க 7 மாதம் ஆயிற்று. அதில் முதல் 3 மாதம் எங்கே போனது என்று கேட்டால் என்னால் கணக்குச் சொல்ல முடியாது. தினமும் காலையிலிருந்து இரவுவரை தேடிக்கொண்டுதான் இருந்தேன். கையில் எதுவும் நிற்கவில்லை. நான்காவது மாதம் ஒரு நோட்டு வாங்கி, நாளைக் கூறு போட்டு வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் அழைப்புகள் வரத் தொடங்கின.

இப்போது ஞாயிறு மாலைகளில் எங்கள் பகுதியில் வேலை தேடுகிறவர்கள் சிலர் வந்து பேசுவார்கள். புதிதாகப் படிப்பை முடித்தவர்கள், இடையில் வேலையை விட்டவர்கள், ஆட்குறைப்பில் வந்தவர்கள் என்று பலவிதம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வேலை இல்லாதபோது நாள் முழுக்க நேரம்தானே இருக்கிறது. அதற்கு எதற்கு அட்டவணை?

நேரம் நிறைய இருப்பதுதான் சிக்கல். அலுவலகத்தில் 10 மணிக்கு ஒருவர் கேள்வி கேட்பார், 5 மணிக்கு ஒரு கணக்கு முடிய வேண்டும். வீட்டில் அப்படி யாரும் இல்லை. அதனால் எது சுலபமோ அதையே நாள் முழுவதும் செய்துகொண்டிருப்போம். வேலைத் தளங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பது, வாட்ஸ்அப் வேலைக் குழுக்களில் வரும் 60 செய்திகளைத் திறப்பது, ரெஸ்யூமில் எழுத்துருவை மாற்றுவது. இதெல்லாம் தேடுவது மாதிரியே இருக்கும். இரவு படுக்கும்போது உடம்பும் களைத்திருக்கும். ஆனால் அன்று ஒரு மனிதரிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம், ஒரு நல்ல விண்ணப்பம்கூடப் போயிருக்காது.

சோம்பேறித்தனத்தால் நேரம் போகிறது என்று வீட்டில் சொல்வார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் அப்படி இல்லை. வேலை மாதிரி தெரிகிற வேலையில்தான் போகிறது.

அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தேட வேண்டும்?

உருப்படியாக 4 மணி நேரம் போதும். 10 மணி நேரம் தேடுகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அது நீங்களாக இருந்தாலும்.

எனக்குப் பலன் தந்த பிரிப்பைச் சொல்கிறேன். காலை 9 முதல் 11 வரை கடினமான வேலை: முந்தைய நாளே தேர்ந்தெடுத்து வைத்த 2 அல்லது 3 இடங்களுக்கு, அந்த வேலைக்கு ஏற்றபடி ரெஸ்யூமைத் திருத்தி அனுப்புவது. 11 முதல் 12 வரை ஆட்களிடம் பேசுவது. தெரிந்தவர், பழைய சகா, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சி, ஏற்கெனவே விண்ணப்பித்த இடம். மதியம் சாப்பாடு, ஓய்வு. 4 மணிக்கு மேல் ஒரு மணி நேரம் வேலைத் தளங்களைப் பார்த்து, நாளைக் காலைக்கு எந்த 2, 3 இடங்கள் என்று குறித்துக்கொள்வது. அவ்வளவுதான்.

இதில் முக்கியம், தளங்களைப் பார்ப்பதை மாலைக்குத் தள்ளியது. காலையில் கண் விழித்ததும் நௌக்ரியையும் லிங்க்ட்இன்னையும் திறந்தால் அங்கேயே மதியம் வந்துவிடும். ஒன்று மட்டும் விதிவிலக்கு. நௌக்ரியில் உங்கள் ப்ரொஃபைலை வாரத்தில் ஓரிரு நாள் காலையில் திறந்து ஏதாவது ஒரு வரியைப் புதுப்பித்துவிட்டு மூடுங்கள். அண்மையில் தளத்துக்கு வந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி ஆள் எடுப்பவர்களுக்கு உண்டு. 2 நிமிட வேலைதான், விட்டுவிடாதீர்கள்.

என் நண்பன் ஒரு நாளைக்கு 50 இடத்துக்கு அப்ளை செய்கிறான். 3 போதுமா?

50 இடத்துக்கு அனுப்புகிறவர் 50 முறை ஒரே ரெஸ்யூமைத்தான் அனுப்புகிறார். அறிவிப்பில் ஜிஎஸ்டி தாக்கலும் டேலி கணக்கு மென்பொருளும் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். உங்களுக்கு இரண்டும் தெரியும், ஆனால் ரெஸ்யூமில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. பார்ப்பவர் அவ்வளவு தூரம் வர மாட்டார். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர 20 நிமிடம் ஆகும். அந்த 20 நிமிடத்தைத் தராத 50 விண்ணப்பங்களைவிட, தந்த 3 விண்ணப்பங்களை நான் நம்புவேன்.

புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குக் கொஞ்சம் வேறு. ஒரே மாதிரி வேலைக்குத்தான் எல்லா இடத்திலும் ஆள் எடுப்பார்கள் என்பதால் 8, 10 கூடப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்? கூகுள் ஷீட்டா, நோட்டா?

எது உங்கள் கைக்கு வருகிறதோ அது. எனக்கு 100 பக்க நீள நோட்டு. பக்கத்துக்கு 5 கோடு: தேதி, கம்பெனியும் வேலையின் பெயரும், எந்த வழியாகப் போனது, எந்த ரெஸ்யூம் அனுப்பினேன், அடுத்து எப்போது என்ன செய்ய வேண்டும். ஐந்தாவது கோடுதான் உயிர். "அனுப்பியாயிற்று" என்று எழுதி விட்டுவிட்டால் நோட்டு வெறும் வரலாறு. "வியாழக்கிழமை விசாரிக்க வேண்டும்" என்று எழுதினால்தான் அது உங்களை வேலை வாங்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நான்காவது மாதம், கோயம்பேட்டிலிருந்து 570 பஸ்ஸில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு வாக்-இன்னுக்கு, அதாவது நேரில் போய்க் கலந்துகொள்ளும் இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடுவழியில் ஒரு அழைப்பு. "நீங்கள் எங்களுக்கு அப்ளை செய்திருந்தீர்கள், எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு?" என்றார்கள். எந்தக் கம்பெனி, எந்த வேலை என்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை. தடுமாறி ஒரு தொகையைச் சொன்னேன். விண்ணப்பத்தில் எழுதியிருந்தது வேறு தொகை. அவர் அதைச் சுட்டிக்காட்டினார், மரியாதையாக வைத்துவிட்டார். அது வீட்டுக்குப் பக்கத்திலேயே, எனக்குப் பொருத்தமான வேலை. அன்று மாலைதான் நோட்டு வாங்கினேன்.

அதனால் சம்பளத் தொகையையும் அந்த வரியிலேயே எழுதுங்கள். அழைப்பு வரும்போது பஸ்ஸிலோ சத்தமான இடத்திலோ இருந்தால், "வெளியில் இருக்கிறேன், அரை மணி நேரத்தில் நானே கூப்பிடட்டுமா?" என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சொன்ன நேரத்தில் கூப்பிட்டுவிட வேண்டும்.

விண்ணப்பித்த இடத்தில் மறுபடி விசாரித்தால் தொந்தரவாக நினைக்க மாட்டார்களா?

ஒரு வாரம் கழித்து ஒரு முறை, அதற்கு 10 நாள் கழித்து இன்னொரு முறை. இரண்டோடு நிறுத்திவிடுங்கள். 4 வரி மின்னஞ்சல் போதும்: எந்த வேலைக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், அதற்குப் பொருத்தமான என் அனுபவம் ஒரு வரியில், இன்னும் ஆள் எடுக்கிறீர்களா, எப்போது சேர முடியும். ரெஸ்யூமை மறுபடி இணையுங்கள், அவர்களைத் தேட வைக்காதீர்கள்.

தெரிந்தவர்களிடம் வேலை கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

எல்லாருக்கும் இருக்கும். எனக்கு 3 மாதம் இருந்தது. அந்த 3 மாதத்தைத்தான் இழந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

கூச்சம் வருவதற்குக் காரணம், நாம் கேட்கும் விதம். "அண்ணா, ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்க" என்றால் கேட்பவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். அவர் "கண்டிப்பா சொல்றேன்பா" என்பார், அதோடு மறந்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. மாறாக, "அண்ணா, உங்க கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் எடுக்கறதா இணையதளத்தில் பார்த்தேன். ரெஸ்யூம் அனுப்பட்டுமா, நீங்க உள்ளே ரெஃபர் பண்ண முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் செய்ய வேண்டியது 5 நிமிட வேலை என்று அவருக்கே தெரிந்துவிடும். பல கம்பெனிகளில் ரெஃபர் செய்த ஆள் சேர்ந்தால் ரெஃபர் செய்தவருக்குத் தொகையும் உண்டு. உபகாரம் ஒருபக்கம் மட்டும் இல்லை.

30 பேர் பட்டியல் போடுங்கள். கல்லூரி நண்பர்கள், பழைய மேலாளர், சித்தப்பாவின் நண்பர், முன்பு உங்களுக்கு மென்பொருள் விற்க வந்தவர், ஆடிட்டர் அலுவலகத்தில் பழகியவர். தினம் 2 பேர். ஒரே நாளில் 15 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினால் எல்லாருக்கும் பொதுவான செய்தி என்று தெரிந்துவிடும்.

வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது.

ரேஷன் கடை, கேஸ் சிலிண்டர், பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, தங்கை மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது. வேலையில் இருந்தபோது இதெல்லாம் யாரோ செய்தார்கள்தான். முழுக்க மறுப்பது நியாயமில்லை, வீட்டுக்கும் நம்மால் ஆனது வேண்டும். ஆனால் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். "அம்மா, 9-லிருந்து 12 வரைக்கும் நான் ஆபீஸில் இருக்கிற மாதிரி. அதுக்கு அப்புறம் என்ன வேலை சொன்னாலும் செய்றேன்." இப்படிச் சொன்னதை 10 நாள் தவறாமல் காப்பாற்றினால் வீடு பழகிவிடும். குளித்து, சட்டை மாற்றி உட்காருங்கள்; லுங்கியோடு கட்டிலில் லேப்டாப் வைத்திருந்தால் யாருக்கும் அது வேலையாகத் தெரியாது.

வீட்டில் இடமே இல்லை என்றால் நூலகம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். எல்லா ஊரிலும் இவ்வளவு வசதி இல்லை என்றாலும் மாவட்ட மைய நூலகம் இருக்கும். பஸ் ஏறி ஓர் இடத்துக்குப் போவதே நாளுக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்துவிடும்.

உறவினர் கேள்விக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் "இன்னும் கிடைக்கலையா?" என்று கேட்டால், "போன வாரம் 2 இன்டர்வியூ முடிஞ்சிருக்கு பெரியம்மா, கம்பெனிப் பக்கம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க" என்று பதில் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். சிலர் உண்மையிலேயே யாரையாவது சொல்வார்கள்.

குழந்தைக்கு 2 வயது. இடைவெளிக்குப் பிறகு வேலை தேடுகிறேன். 4 மணி நேரம் எனக்கு எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. குழந்தை தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் உங்கள் நாள் என்று வைத்துக்கொண்டு அதற்குள் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். திங்கள் ரெஸ்யூம், செவ்வாய் 2 விண்ணப்பம், புதன் 2 பேரிடம் பேசுவது என்று. அலைபேசியில் பார்த்துக் குறித்து வைக்கிற வேலையைக் குழந்தை விளையாடும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். இன்டர்வியூவுக்குக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அழைப்பு வந்த பிறகு ஆள் தேடினால் அந்தப் பதற்றத்திலேயே தயாரிப்பு கெட்டுவிடும். இதில் கணவருக்கும் பங்கு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

டிஎன்பிஎஸ்சி-க்கும் படிக்கிறேன், தனியார் வேலையும் தேடுகிறேன். இரண்டும் சேர்ந்து ஓடுமா?

ஓடும், ஆனால் அரை மணிக்கு ஒரு முறை மாறி மாறி இல்லை. அரை மணி நேரம் வரலாறு, அரை மணி நேரம் லிங்க்ட்இன் என்று போனால் இரண்டும் நிற்காது. காலைப் பொழுது ஒன்றுக்கு, மதியத்துக்கு மேல் மற்றொன்றுக்கு என்று பிரியுங்கள். தேர்வாணையம் ஆண்டுத் திட்ட அட்டவணை வெளியிடுகிறது. அதை வைத்து, தேர்வுக்கு முந்தைய 2 மாதம் முழுக்கப் படிப்பு, மற்ற மாதங்களில் தேடலுக்குக் கூடுதல் நேரம் என்று வகுக்கலாம்.

குரூப் 4 எழுதுபவர்கள் தமிழை விட்டுவிட வேண்டாம். 200 கேள்வியில் 100 தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம் வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். 6 முதல் 10 வரையுள்ள பள்ளிப் புத்தகங்களைத் தினமும் 45 நிமிடம் படித்தாலே இதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்புகள் நடக்கின்றன. அங்கேயே தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமும் நடக்கும், பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில். ஒரே இடத்தில் இரண்டு காரியம்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே தேடுகிறேன். நேரமே இல்லை.

வாரத்துக்கு 5 மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்: 2 இரவு, சனிக்கிழமை காலை. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள் வரை இருக்கிறது. "எப்போது சேர முடியும்" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். உங்கள் நியமன ஆணையை எடுத்து, எத்தனை நாள், பணம் கட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்று முன்பே படித்துவிடுங்கள். அலுவலக லேப்டாப்பில் தேடாதீர்கள்.

இன்டர்வியூ நாளை எப்படி வைத்துக்கொள்வது?

அன்று வேறு எதுவும் வேண்டாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சிறுசேரி என்றால் போகவர அரை நாள் போய்விடும். முதல் நாளே கோப்பைத் தயார் செய்யுங்கள்: ரெஸ்யூம் 3 பிரதி, மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்று, பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், கடைசி 3 மாதப் பே ஸ்லிப், ஆதார், பான், ஜெராக்ஸ் ஒரு செட், புகைப்படம் 4. சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இனிஷியல் வித்தியாசம் இருந்தால் வேலை தேட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அதைச் சரிசெய்யக் கொடுத்துவிடுங்கள். ஆஃபர் வந்த பிறகு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் கரன்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள். அலைபேசியில் முழு சார்ஜ், டேட்டா, அதே செயலி ஏற்கெனவே நிறுவப்பட்டு இருக்க வேண்டும்.

முடிந்து வெளியே வந்ததும், பஸ் ஏறும் முன், கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதிவிடுங்கள். நான்கைந்து இன்டர்வியூவுக்குப் பிறகு அந்தப் பக்கங்களைப் போல ஒரு பாடப் புத்தகம் எங்கும் கிடைக்காது.

சேர்வதற்கு முன் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். தமிழக இளைஞர்கள் பலர் கணினி வேலை என்று நம்பிக் கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியிருக்கிறார்கள்.

2 மாதமாகத் தேடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அதிக நேரம் போட வேண்டுமா?

நேரத்தைக் கூட்டுவதற்கு முன் நோட்டைப் பாருங்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் நேரத்தை எங்கே போடுவது என்று தெரியும்.

40 இடத்துக்கு அனுப்பி ஒரு அழைப்புகூட வரவில்லை என்றால் குறை ரெஸ்யூமில், அல்லது நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேலைகளில். ஒரு வாரம் விண்ணப்பிப்பதை நிறுத்திவிட்டு, அதே துறையில் இருக்கும் 2 பேரிடம் ரெஸ்யூமைக் காட்டுங்கள். அழைப்பு வருகிறது, முதல் சுற்றோடு நின்றுவிடுகிறது என்றால் ரெஸ்யூமைத் தொட வேண்டாம். காலை 2 மணி நேரத்தையும் பேசிப் பழகுவதற்குக் கொடுங்கள், கண்ணாடி முன்னால் இல்லை, ஒரு நண்பர் முன்னால். கடைசிச் சுற்றுவரை போய் நின்றால் சம்பளம், சேரும் தேதி, ஊர் மாறுவது போன்ற ஒன்றில்தான் சிக்கியிருக்கும். அதை முதல் அழைப்பிலேயே தெளிவாகப் பேசிவிட்டால் இருபக்கமும் நேரம் மிச்சம்.

எனக்கு முதல் வகைச் சிக்கல். 9 ஆண்டு அனுபவத்தை 4 பக்கமாக எழுதி வைத்திருந்தேன். பழைய சகா ஒருவர் 2 பக்கமாகக் குறைத்துத் தந்தார். அடுத்த 2 வாரத்தில் 3 அழைப்பு வந்தது.

புதிதாக ஒரு கோர்ஸ் சேரலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். நீங்கள் பார்க்கும் 10 அறிவிப்புகளில் 6-ல் கேட்கிற ஒரு திறமை உங்களிடம் இல்லை என்றால் படியுங்கள், மதியம் ஒரு மணி நேரம். விண்ணப்பிக்கப் பயமாக இருப்பதால் கோர்ஸ் சேருவதானால் வேண்டாம்.

எதுவுமே செய்யத் தோன்றாத நாட்கள் வருகின்றன.

வரும். நம்பியிருந்த இடத்திலிருந்து "இப்போதைக்கு எடுக்கவில்லை" என்று வந்த மறுநாள் நான் எழுந்திருக்கவே இல்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரே ஒரு சின்ன வேலை செய்யுங்கள்: ஒருவருக்கு ஒரு செய்தி, ஒரு வரி திருத்தம். பிறகு நோட்டை மூடிவிட்டு வெளியே நடங்கள். ஞாயிற்றுக்கிழமை தேடலே வேண்டாம். வேலையில் இருப்பவர்களுக்கு உண்டு, உங்களுக்கும் உண்டு. ஆனால் தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் அதற்கு மருத்துவரைப் பாருங்கள். டெலிமானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

வாய்மொழியாக ஆஃபர் சொல்லிவிட்டார்கள். தேடலை நிறுத்திவிடலாமா?

சம்பளமும் சேரும் தேதியும் எழுத்தில் வரும்வரை நிறுத்தாதீர்கள். காலை 9 மணி வழக்கம் அப்படியே நடக்கட்டும், எண்ணிக்கையை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தேதி கொடுத்த இன்டர்வியூக்களுக்குப் போய் வாருங்கள்.

கடிதம் வந்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நோட்டை முதலிலிருந்து புரட்டி, உங்களுக்காக ஒரு அழைப்பாவது செய்தவர்கள் பெயரை எல்லாம் குறித்து, அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள். என் நோட்டில் 11 பேர் இருந்தார்கள். எல்லாரிடமும் பேசி முடிக்க இரவு 9 மணி ஆனது. அதில் 2 பேர் தாங்களும் வேலை தேடிக்கொண்டிருப்பதாக அன்றுதான் சொன்னார்கள். ரெஸ்யூமை அனுப்பச் சொல்லி, மறுபடி எப்போது பேச வேண்டும் என்று அதே நோட்டில் ஐந்தாவது கோட்டில் எழுதிக்கொண்டேன்.